ஹீட்டரை வெட்டிவிடாதீர்கள்: ஹீட்டர் கோரை வீட்டிலேயே மாற்றும் வழி

காரின் டேஷ்போர்டுக்குப் பின்னால் இருந்துகொண்டு, இன்ஜினிலிருந்து இரண்டு ரப்பர் ஹோஸ் வழியாக வந்து போகும் சுடுநீரால் உள்ளே சூடான காற்றைத் தருகிற பாகம்தான் ஹீட்டர் கோர். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் எந்தப் பட்டறைக்குப் போய் "ஹீட்டர் கோர் ஒழுகுது" என்று சொன்னாலும் பெரும்பாலும் வருகிற பதில் ஒன்றுதான். "அண்ணே, நம்ம ஊரு வெயிலுக்கு ஹீட்டர் எதுக்கு? ரெண்டு ஹோஸையும் ஒண்ணாச் சேர்த்து விட்ருவோம், அரை மணி நேர வேலை." சொல்கிறவர் மேல் தப்பில்லை. டேஷ்போர்டைக் கழற்றி மாட்டுவது பட்டறைக்காரருக்கு ஒரு நாளையே விழுங்கும் வேலை. அதற்கான கூலியைக் கொடுக்க வண்டிக்காரர் தயங்குவார். ஆனால் வண்டியும் நம்முடையது, சனி ஞாயிறும் நம்முடையது என்றால் கணக்கு மாறிவிடுகிறது. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த, பொறுமை உள்ள யாரும் இதைச் செய்யலாம்.

ஹீட்டர் நமக்கு எதற்கு என்பதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு நாலு பேர் உட்கார்ந்தால் முன்கண்ணாடி உள்பக்கம் வெள்ளையாகப் பூத்துவிடும். ஏசி அந்த ஈரத்தை உறிஞ்சும். அதோடு கொஞ்சம் சூட்டையும் கலந்து கண்ணாடிக்கு அனுப்பினால் இன்னும் சீக்கிரம் தெளியும், உள்ளே இருக்கிறவர்களுக்கும் நடுக்கம் எடுக்காது. தை மாதம் குன்றக்குடியிலிருந்து பழநிக்குக் காவடியோடு நடக்கிறவர்களுக்குத் துணையாக வண்டி ஓட்டுகிறவர்களுக்கு விடியற்காலைப் பனியில் இதன் அருமை தெரியும். அப்படி ஊர்ந்து போகும்போது இன்ஜின் சூடு முள் மேலே ஏறினால், ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து புளோயரை வேகமாக ஓடவிட்டால் முள் கொஞ்சம் இறங்கும். ஹீட்டர் கோரும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான். இன்ஜினில் சுற்றுகிற அதே சுடுநீர்தான் அதற்குள்ளும் ஓடுகிறது. ஓரமாக நிறுத்த இடம் தேடுகிற சில நிமிஷத்துக்கு அது பெரிய உதவி.

என் கையில் இருப்பது ஏசி வைத்த மாருதி 800. 1983இல் தொடங்கி 2014 வரை வந்த மாடல் என்பதால் உதிரிபாகத்துக்குப் பஞ்சமில்லை, ஏர்பேக் சிக்கலும் இல்லை. அதை மனதில் வைத்தே எழுதுகிறேன். மற்ற வண்டிகளில் ஸ்க்ரூ இருக்கும் இடம் மாறும், வேலையின் வரிசை மாறாது.

முதலில் கோர்தான் போயிருக்கிறதா என்று பாருங்கள்

பக்கத்து சீட்டின் காலடியில் கார்ப்பெட் நனைந்திருந்தால் உடனே ஹீட்டர் கோர் என்று முடிவு கட்ட வேண்டாம். ஏசியின் கூலிங் காயிலிலிருந்து வடிகிற தண்ணீர் வெளியே போகும் குழாய் அடைத்துக்கொண்டாலும் இதே இடம்தான் நனையும். வெள்ளைத் துணியை ஈரத்தில் அழுத்தி எடுங்கள். நிறமில்லாமல், வாசனையில்லாமல் இருந்தால் அது ஏசித் தண்ணீர், குழாயில் கம்பி விட்டு அடைப்பை எடுத்தால் வேலை முடிந்தது. துணியில் பச்சையோ சிவப்போ ஏறி, இரண்டு விரலுக்கு நடுவில் வழுவழுவென்று இருந்தால் கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்க உள்ளே சுற்றுகிற திரவம். கூலன்டுக்குத் திகட்டுகிற மாதிரி ஓர் இனிப்பு வாசனை உண்டு. முகர்ந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதை நாக்கில் வைக்கக் கூடாது, அது விஷம்.

கண்ணாடியின் உள்பக்கம் துணியால் துடைத்த பிறகும் எண்ணெய் தடவியது போல ஒரு படலம் நிற்பதும், வண்டிக்கு அடியில் ஒரு சொட்டுகூட இல்லாமல் கூலன்ட் மட்டம் இறங்கிக்கொண்டே வருவதும் மற்ற இரண்டு அடையாளங்கள். கடைசியில் சொன்னதுதான் ஆபத்தானது. ஒழுகுவது கண்ணுக்குத் தெரியாமல் மெத்தைக்குள் போகிறது, திருச்சி ரோட்டில் பாதி வழியில் இன்ஜின் காய்ந்துபோய், பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போகும்.

ஒழுகவில்லை, சூடுதான் வரவில்லை என்றால் அது வேறு கதை. இன்ஜின் நன்றாகச் சூடேறியதும் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, இன்ஜின் அறையிலிருந்து உள்ளே போகும் இரண்டு ஹோஸையும் கையால் தொட்டுப் பாருங்கள். இரண்டும் சுட்டால் கோருக்குள் தண்ணீர் ஓடுகிறது, குற்றம் உள்ளே காற்றைத் திருப்பிவிடும் மடலிலோ அதை அசைக்கும் கேபிளிலோதான். ஒன்று சுட்டு மற்றது குளிர்ந்திருந்தால் கோர் அடைத்திருக்கிறது, அல்லது ஹீட்டர் வால்வு திறக்கவில்லை. இரண்டுமே வெதுவெதுப்பாக இருந்தால் தெர்மோஸ்டாட்டையும் (இன்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் மூடியிருக்கும் வால்வு) கூலன்ட் மட்டத்தையும் பாருங்கள். அடைப்பு மட்டும்தான் என்றால் டேஷ்போர்டைத் தொடாமலே, இரண்டு ஹோஸையும் கழற்றி, மெதுவான அழுத்தத்தில் தண்ணீரை எதிர்த்திசையில் விட்டுப் பார்க்கலாம். முதலில் வருகிற தண்ணீர் டீத்தூள் கலந்த மாதிரி இருக்கும். அது தெளியும்வரை விடுங்கள்.

கோர் வாங்கக் கிடைக்கும்வரை ஹோஸ் இரண்டையும் இணைத்து ஓட்டுவதில் தவறில்லை. இணைக்கத்தான் வேண்டும். ஒவ்வொன்றிலும் தனித்தனியாக அடைப்பான் வைக்காதீர்கள். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போது தண்ணீர் சுற்றி வருவதற்கு இந்த வழியும் வேண்டும்.

நம் ஊரில் இது ஏன் அரிக்கிறது

இதைச் சொல்லாமல் ஸ்பேனரைக் கையில் எடுக்க எனக்கு மனம் வரவில்லை. காரணம் தெரியாமல் மாற்றினால் புதுக் கோரும் அதே வழியில் போகும்.

காரைக்குடியில் எல்லாரும் சிக்ரி என்று சொல்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். வள்ளல் அழகப்பர் இடமும் பணமும் கொடுத்து 1953இல் திறந்த ஆய்வகம் அது. உலோகம் அரிப்பதை ஆராய்வது அங்கே நடக்கும் முக்கியமான வேலைகளில் ஒன்று. அங்கே லேபில் இருந்து ஓய்வு பெற்ற என் பெரியப்பாதான் எனக்கு இதை விளக்கினார். "தம்பி, ரெண்டு வேற வேற உலோகத்த உப்புத் தண்ணிக்குள்ள வச்சு ஒயரால சேர்த்தா என்ன ஆகும்? பேட்டரி ஆகும். ஒன்னோட இன்ஜின் அப்படித்தான் இருக்கு." பழைய வண்டிகள் பலவற்றில் பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம், தெர்மோஸ்டாட்டில் பித்தளை, கோர் அலுமினியம் அல்லது செம்பு. எல்லாம் ஒரே தண்ணீரில் நிற்கின்றன, எல்லாம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. கூலன்டில் இருக்கும் அரிப்புத் தடுப்பான் வேலை செய்கிறவரை சேதமில்லை. அது தீர்ந்துபோனால், அல்லது வெறும் போர் தண்ணீரை ஊற்றி ஓட்டினால், எளிதில் கரைகிற உலோகம் தன்னைக் கொடுத்து மற்றதைக் காப்பாற்றும். பெரும்பாலும் அது அலுமினியம். போர் தண்ணீரின் குளோரைடு அலுமினியத்தின் மேல் இருக்கும் பாதுகாப்புப் படலத்தை ஊசி குத்துவது போலக் குத்தி ஓட்டை போடும். கால்சியமும் மெக்னீசியமும் சூடான இடத்தில் உப்பாகப் படியும். ஹீட்டர் கோரின் குழாய்கள் மெல்லியவை, அதனால் அடைப்பும் ஓட்டையும் அங்கே சீக்கிரம் தெரிகின்றன.

"நாங்க போர் தண்ணி ஊத்தல, சம்பை ஊற்றுத் தண்ணிதான் ஊத்துறோம்" என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. காரைக்குடிக்காரர்களுக்கு அந்தத் தண்ணீரின் ருசியில் உள்ள பெருமை எனக்கும் உண்டு. ஆனால் நாக்குக்கு ருசி கொடுப்பதே அதில் கரைந்திருக்கும் உப்புகள்தான், ரேடியேட்டருக்கு அவை ஆகாது. பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரும் கூலன்டும் பாதிக்குப் பாதி, அல்லது கலந்தே வருகிற கூலன்ட். கலந்து வருவதில் மேற்கொண்டு தண்ணீர் சேர்க்கக் கூடாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள்தூள் போடுவது பழைய டிரைவர்களின் கைவைத்தியம். ஆளில்லாத காட்டு வழியில் ஊர் வந்து சேர அது உதவியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ரேடியேட்டர் ஓட்டையை அடைக்கிற அதே தூள் ஹீட்டர் கோரின் குழாய்களையும் அடைக்கும். டப்பாவில் விற்கும் ஒழுகல் அடைப்பான்களுக்கும் அதே குணம்தான். எம்-சீல் பூசுவதையும் விட்டுவிடுங்கள். செம்பு, பித்தளைக் கோராக இருந்தால் ரேடியேட்டர் பட்டறையில் ஈயம் வைத்துத் தருவார்கள், அது நிற்கும். அலுமினியக் கோரை மாற்றுவதுதான் வழி.

வாங்குவதும் சோதிப்பதும்

வண்டியைப் பிரிப்பதற்கு முன்பே கோரை வாங்கிவிடுங்கள். நம் ஊரில் கேட்ட அன்றே கிடைப்பது அரிது. திருச்சியிலோ மதுரையிலோ சொல்லி பஸ்ஸில் வரவழைக்க வேண்டியிருக்கும். அதுவரை டேஷ்போர்டு இல்லாத வண்டி ஷெட்டில் நிற்கும். கடையில் சேஸிஸ் நம்பரைச் சொல்லுங்கள், ஏசி உள்ளதா இல்லாததா என்பதையும் சொல்லுங்கள். சில கடைகளில் ஹீட்டர் காயில் என்று கேட்டால்தான் புரியும். இரண்டு ஹீட்டர் ஹோஸ், நான்கு ஹோஸ் கிளிப், குழாய் சேரும் இடத்தில் ரப்பர் வளையம் இருந்தால் அது, கோரைச் சுற்றி ஒட்டுவதற்குப் பஞ்சுப் பட்டை, கூலன்ட், டிஸ்டில்டு வாட்டர் இவ்வளவும் கையில் இருக்கட்டும்.

புதுக் கோர்தானே என்று நம்பி மாட்டாதீர்கள். ஒரு குழாய்க்கு ரப்பர் அடைப்பான், இன்னொன்றில் சைக்கிள் டியூப் துண்டைக் கட்டி, கை பம்பால் கொஞ்சமாகக் காற்றடித்து, பக்கெட் தண்ணீரில் முக்குங்கள். ரேடியேட்டர் மூடியில் எவ்வளவு அழுத்தம் என்று பொறித்திருக்கும், அதற்கு மேல் போக வேண்டாம். வரிசையாகக் குமிழி ஏறினால் அப்படியே கடைக்குத் திருப்பி அனுப்புங்கள். ஐந்து நிமிஷச் சோதனை இது. இதைச் செய்யாமல் டேஷ்போர்டை மாட்டிய பிறகு ஒழுகினால் முழு வேலையையும் மறுபடி செய்ய வேண்டும்.

பிரிப்பது

நான் வேலை செய்வது அத்தை வீட்டுப் பின்கட்டு ஷெட்டில். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் திறக்கிற வீடு அது. வண்டி பின்தெரு வழியாக வரும். தரை பழைய ஆத்தங்குடிக் கல். சிமெண்டும் வண்ணமும் சேர்த்துக் கையால் வார்த்த கல் அது, புளிப்பான எதையும் தாங்காது. கோரையோ குழாயையோ வினிகர், எலுமிச்சை உப்பு கொண்டு கழுவுவதாக இருந்தால் மண் தரைக்குப் போய்விடுங்கள். கூலன்ட் சிந்தினாலும் உடனே தண்ணீர் விட்டுத் துடையுங்கள். நான் தார்ப்பாய் விரித்து, அதன் மேல் சாக்கு விரித்துக்கொள்வேன்.

இன்ஜின் முழுதாகக் குளிர்ந்திருக்க வேண்டும். முந்தின இரவே வண்டியை நிறுத்திவிடுவது நல்லது. சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறந்து முகம் வெந்தவர்களை நம் ஊர் ஆஸ்பத்திரிகள் நிறையப் பார்த்திருக்கின்றன. பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். ஏர்பேக் உள்ள வண்டியென்றால் கழற்றிய பிறகு அந்த வண்டியின் புத்தகத்தில் சொன்ன நேரம்வரை காத்திருந்துதான் உள்ளே கை வைக்க வேண்டும். மஞ்சள் நிறக் கப்ளர்கள் (ஒயர்களைச் சேர்க்கும் இணைப்புகள்) ஏர்பேக்குக்கு உரியவை. அவற்றில் பல்பு டெஸ்டரோ மல்டிமீட்டரோ வைக்கவே கூடாது.

ரேடியேட்டரின் அடியில் இருக்கும் திருகைத் திறந்து கூலன்டை ஓர் அகலப் பாத்திரத்தில் பிடியுங்கள். அந்தப் பாத்திரம் அதன் பிறகு சமையலறைக்குத் திரும்பவே கூடாது. பிடித்த கூலன்டை மூடி போட்ட கேனில் ஊற்றி, மேலே "விஷம்" என்று எழுதி, பழைய ஆயில் எடுக்கும் பட்டறையில் கேட்டுக் கொடுங்கள். தெருவில் கொட்ட வேண்டாம். நம் ஊர்களின் தெருக்களைப் போட்டவர்கள் மழைத் தண்ணீர் ஊரணிக்கு ஓடும்படி வாட்டம் வைத்துப் போட்டிருக்கிறார்கள். நீங்கள் வாசலில் கொட்டுவது அடுத்த மழையில் அங்கே போய்ச் சேரும். அதற்கு முன்பே தெரு நாயோ ஆடோ நக்கிவிடலாம். கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருப்பதால் பிராணிகள் விரும்பிக் குடிக்கும், கொஞ்சம் குடித்தாலே சிறுநீரகம் போய்ச் செத்துவிடும். இந்த வேலையில் எனக்கு மிகவும் கவலை தருவது இந்த ஒரு விஷயம்தான். சிந்திய இடத்தில் மணலைப் போட்டு, அந்த மணலையும் அள்ளிவிடுங்கள்.

ஹீட்டர் ஹோஸ்களைக் கழற்றும்போது முறுக்கி இழுக்காதீர்கள். வருஷக்கணக்கில் வெந்த ரப்பர் குழாயோடு ஒட்டியிருக்கும், பலமாக இழுத்தால் குழாய் வளையும். மாற்றப்போகிற ஹோஸ்தானே, பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்து எடுங்கள். பிறகு ஒரு குழாயில் வாயை வைக்காமல், பம்பால் மெல்லக் காற்றடித்தால் கோருக்குள் தேங்கியது இன்னொரு குழாய் வழியாக இன்ஜின் பக்கம் வந்து விழும். இல்லாவிட்டால் கோரை வெளியே எடுக்கும்போது அது முழுவதும் கார்ப்பெட்டில் கொட்டும்.

இனி டேஷ்போர்டு. இதைப் பார்த்துத்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு கப்ளரிலும் காகித டேப்பை ஒட்டி அது எங்கே போகிறது என்று எழுதுங்கள். ஸ்க்ரூக்களுக்கு நான் வைத்திருப்பது ஒரு பழைய இட்லித் தட்டு. ஒரு குழியில் கிளவ் பாக்ஸ் ஸ்க்ரூ, அடுத்ததில் மீட்டர் ஸ்க்ரூ என்று போட்டு, கழற்றிய வரிசையிலேயே கடிகாரச் சுற்றில் வைப்பேன். நீளமான ஸ்க்ரூவைக் குட்டை ஸ்க்ரூ இருந்த இடத்தில் முடுக்கினால் பின்னால் இருக்கும் ஒயரையோ கேபிளையோ அது துளைத்துவிடும். அதனால்தான் இவ்வளவு கவனம்.

கிளவ் பாக்ஸ், ஆடியோ செட், ஸ்டீயரிங்கைச் சுற்றியுள்ள மூடிகள், மீட்டர், ஏசி குமிழ்கள், நடு கன்சோல் என்று சிறியவற்றை முதலில் எடுங்கள். பழைய வண்டியில் ஸ்பீடோமீட்டர் கேபிள் பின்னால் திருகியோ அழுத்தியோ மாட்டியிருக்கும். மீட்டரை முன்னால் இழுத்துக் கையை விட்டுத்தான் கழற்ற வேண்டும். ஹீட்டர் கேபிள்களைக் கழற்றுவதற்கு முன் கிளிப் கேபிளைப் பிடித்திருந்த இடத்தில் பேனாவால் கோடு போடுங்கள். மாட்டும்போது அந்தக் கோடு அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தும். பெரிய போல்ட்டுகள் இரண்டு கதவோரத்திலும், நடுவிலும், கண்ணாடியின் அடியிலும் ஒளிந்திருக்கும், சிலவற்றின் மேல் சின்ன மூடி போட்டிருப்பார்கள். எல்லாம் எடுத்த பிறகும் டேஷ்போர்டு அசையவில்லையென்றால் எங்கோ ஒரு போல்ட் மிச்சமிருக்கிறது. இழுக்காதீர்கள், தேடுங்கள். வெயிலில் கிடந்து கிடந்து பழைய பிளாஸ்டிக் அப்பளமாகியிருக்கும். காலையில் வண்டியைச் சற்றே வெயிலில் நிறுத்திவிட்டுத் தொடங்கினால் பிளாஸ்டிக் கொஞ்சம் இளகிக்கொடுக்கும், கிளிப்புகள் முறியாது.

டேஷ்போர்டை எடுக்க இரண்டு பேர் வேண்டும். என் மருமகன் ஒரு பக்கம் பிடிப்பான். "மாமா, என் பக்கம் ஏதோ ஒயர் பிடிக்குது" என்று அவன் சொன்னால் அங்கேயே நிறுத்துவோம். சில வண்டிகளில் ஒரு சாண் பின்னால் இழுத்து வைத்துக்கொண்டே வேலையை முடிக்கலாம். இடுக்கில் கையை விட்டு வேலை செய்வது எனக்குப் பிடிப்பதில்லை, முழுதாக வெளியே எடுத்துப் பாயில் வைத்துவிடுவேன்.

ஹீட்டர் பெட்டிக்குப் பக்கத்திலேயே ஏசியின் கூலிங் காயில் பெட்டி இருக்கும். அதற்குப் போகும் இரண்டு உலோகக் குழாய்களை எக்காரணம் கொண்டும் தளர்த்தாதீர்கள். உள்ளே அழுத்தத்தில் கேஸ் இருக்கிறது, கண்ணில் பட்டால் பார்வை போகலாம். இரண்டும் ஒரே பெட்டியில் அடங்கிய வண்டியாக இருந்தால் முதலில் ஏசி மெக்கானிக்கிடம் போய் மிஷினில் கேஸை இறக்கிக்கொண்டு வாருங்கள். தனித்தனிப் பெட்டி என்றால் நடுவில் இருக்கும் பட்டையைக் கழற்றினால் போதும். ஹீட்டர் பெட்டியைப் பிடிக்கும் நட்டுகளில் ஒன்றிரண்டு இன்ஜின் பக்கத்திலும் இருக்கலாம்.

பெட்டியை மடியில் வைத்து, கோரைப் பிடித்திருக்கும் சின்னத் தகட்டின் ஸ்க்ரூக்களை எடுத்தால் கோர் நழுவி வரும். பழைய கோரைத் தூக்கிப் போடுவதற்கு முன் பகல் வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் பாருங்கள். என் வண்டியிலிருந்து வந்தது பார்க்க முழுசாகத்தான் இருந்தது. குழாயும் பக்கத் தொட்டியும் சேருகிற மூலையில் சுண்ணாம்பு தெறித்த மாதிரி வெள்ளைத் திட்டு, நடுவில் ஊசி முனையளவு கறுப்புப் புள்ளி. திட்டை நகத்தால் சுரண்டியபோது அந்த இடம் பொடியாக உதிர்ந்தது. உள்ளே இருந்த குழாய்களில் பாதி பழுப்புச் சேற்றால் அடைத்திருந்தது. பெட்டியின் அடியில் வேப்பிலைக் காம்பு, பல்லி முட்டை ஓடு, பொடிந்துபோன பஞ்சு எல்லாம் கிடந்தன. மரத்தடியில் நிற்கிற வண்டியில் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் சல்லடை வழியாக இதெல்லாம் உள்ளே போகிறது. அள்ளி எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, மடல்கள் தடங்கலில்லாமல் திரும்புகின்றனவா என்று கையால் ஆட்டிப் பாருங்கள்.

மாட்டுவது

புதுக் கோரை வைப்பதற்கு முன் இன்ஜினைக் கழுவ வேண்டும். அந்தப் பழுப்புச் சேறு இன்ஜினுக்குள்ளும் இருக்கிறது. அப்படியே விட்டால் முதல் வாரத்திலேயே புதுக் கோருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஹீட்டர் ஹோஸ் வழியாகத் தோட்டக் குழாயால் மெதுவாகத் தண்ணீர் விட்டு, ரேடியேட்டரிலும் தெளிவாக வரும்வரை ஓடவிடுங்கள். கழுவுவதற்கு நம் ஊர்த் தண்ணீர் போதும், கடைசிச் சுற்று மட்டும் டிஸ்டில்டு வாட்டராக இருக்கட்டும். வடியாமல் உள்ளே தங்குவது அதுவாக இருக்க வேண்டும்.

கோரின் நாலு பக்கமும் பஞ்சுப் பட்டையை இடைவெளி இல்லாமல் ஒட்டுங்கள். இதை வேண்டாத வேலை என்று விடுகிறவர்கள் பிறகு சூடு போதவில்லை என்பார்கள், காற்று கோரின் ஓரமாக நழுவிப் போய்விடுவதுதான் காரணம். ரப்பர் வளையத்தைக் கூலன்டில் நனைத்துப் போடுங்கள், கிரீஸ் தடவ வேண்டாம். ஹோஸ் குழாயின் மேட்டைத் தாண்டி ஓர் அங்குலம் உள்ளே போக வேண்டும், கிளிப் அந்த மேட்டுக்குப் பின்னால் உட்கார வேண்டும். கிளிப்பை முடுக்குவதிலும் அளவு உண்டு. ரப்பர் கிளிப்பின் துளைகள் வழியாகப் பிதுங்கினால் அதிகமாகிவிட்டது.

இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். டேஷ்போர்டை மாட்டாதீர்கள். முதலில் கூலன்டை நிரப்பி, கோர் வெளியே தெரியும்போதே ஒழுகலைச் சோதியுங்கள். ஏர்பேக் இல்லாத என் வண்டியில் மீட்டரை மட்டும் ஒயரோடு சீட்டில் வைத்து மாட்டி, பேட்டரியைச் சேர்த்து ஸ்டார்ட் செய்வேன். சூடு முள் கண்ணில் படாமல் இன்ஜினை ஓடவிடக் கூடாது. ஏர்பேக் வண்டியில் கப்ளர்கள் கழன்று கிடக்கும்போது சாவியைத் திருப்பாதீர்கள். ரேடியேட்டர் வாயில் பொருத்தும் அழுத்தச் சோதனைப் பம்பைப் பட்டறையில் இரவல் வாங்கி, மூடியில் பொறித்த அளவுக்கு ஏற்றி, கால் மணி நேரம் முள் இறங்குகிறதா என்று பாருங்கள். இரண்டிலும் கோரின் அடியில் செய்தித்தாள் விரித்து வையுங்கள். ஒரு சொட்டு விழுந்தாலும் தாளில் வட்டம் தெரியும்.

உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுவது அடுத்தது. ஏர்பேக் வண்டியில் மட்டும் டேஷ்போர்டை மாட்டிக் கப்ளர்களைச் சேர்த்த பிறகு இதைச் செய்யுங்கள். வண்டியின் முன்பக்கம் மேடாக இருக்கும்படி நிறுத்துங்கள், அத்தை வீட்டுப் பின்வாசல் சரிவு எனக்கு அதற்குத் தோது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஐடிலில் ஓடவிடுங்கள். குமிழி வர வர மட்டம் இறங்கும், கலந்து வைத்த கூலன்டை ஊற்றிக்கொண்டே இருங்கள். தண்ணீர் பொங்கி எழத் தொடங்கினால் மூடிவிடுங்கள். இரண்டு ஹீட்டர் ஹோஸும் ஒரே மாதிரி சுட்டு, ரேடியேட்டர் ஃபேன் ஓரிரு முறை ஓடி நின்றால் சரி. தண்ணீர் சலசலவென்று ஓடுகிற சத்தம் உள்ளே கேட்டால் காற்று இன்னும் இருக்கிறது. மறுநாள் காலை குளிர்ந்த பிறகு மட்டத்தைப் பார்த்துக் குறைந்ததை ஊற்றுங்கள். செய்தித்தாளும் காய்ந்தே இருந்தால் இனி டேஷ்போர்டு.

மாட்டுவது கழற்றியதற்கு நேர் எதிர் வரிசை, இட்லித் தட்டைப் பின்னாலிருந்து காலி செய்துகொண்டு வந்தால் போதும். கேபிள்களைப் பேனாக் கோட்டில் பொருத்தி, குமிழை இரண்டு கோடிக்கும் திருப்பி, மடல் முழுதாகப் போய் மூடுகிறதா என்று டேஷ்போர்டை முடுக்குவதற்கு முன்பே பாருங்கள்.

கார்ப்பெட்டையும் அதன் அடியில் இருக்கும் கம்பளியையும் அப்படியே விட்டுவிடாதீர்கள். கூலன்ட் தானாக ஆவியாகிப் போகாது, வாசனையும் கண்ணாடிப் படலமும் தொடரும். வெளியே எடுத்து, சோப்புத் தண்ணீரில் நாலைந்து முறை அலசி, பங்குனி வெயிலில் போட்டால் ஒரே நாளில் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். தரைத் தகட்டில் துரு இருந்தால் தேய்த்து பிரைமர் அடித்துவிட்டுக் கார்ப்பெட்டைப் போடுங்கள்.

புதுக் கோர் நிலைக்குமா என்பதை வீட்டிலேயே அளக்க ஒரு வழி உண்டு, பெரியப்பா சொல்லிக்கொடுத்தது. மாதம் ஒரு முறை, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் சிவப்பு முனையை உலோகத்தைத் தொடாமல் ரேடியேட்டர் கூலன்டிலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. 0.3ஐத் தாண்டினால் கூலன்டின் தடுப்பான் தீர்ந்துவிட்டது, மாற்றும் நேரம் வந்துவிட்டது. பிறகு ஹெட்லைட், புளோயர் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ஏதோ ஒன்றைப் போட்டதும் முள் எகிறினால் அந்தக் கருவியின் எர்த் ஒயர் சரியில்லை, மின்சாரம் கூலன்ட் வழியாகத் திரும்புகிறது. அந்த ஒயரின் முனையை உப்புத்தாளால் தேய்த்து முடுக்கிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.